ஆஸ்பத்திரிச் சுவருக்கு ஒரு நீர்த்தேக்கம்

– பையை இப்பவே திறக்காதே தம்பி. அப்படியே புல்லு மேல வை, கொஞ்ச நேரம் கிடக்கட்டும்.

– புல்லு பூரா பனி உறைஞ்சு கிடக்கு அண்ணி. கேமராவுக்குச் சளி பிடிச்சா என்னைச் சொல்லக் கூடாது.

– கார் சூட்டுல இருந்து வந்த உடனே திறந்தா லென்ஸ் பூரா ஆவி படிஞ்சிரும். அதுவும் நம்மள மாதிரிதான். குளிருக்குக் கொஞ்சம் பழகணும்.

– நான் எப்பப் பழகுறது? விரல் எல்லாம் ஒட்டிட்டிருக்கான்னு பார்க்கணும் போல இருக்கு. ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க எத்தனையோ பேரை வெளியே இழுத்திருக்கேன். ஒருத்தரும் இப்படி நடுங்கினதில்ல.

– குல்லாவைக் கீழே இழுத்து விடு. காது போச்சுன்னா லிஃப்ட் மெக்கானிக் வேலையும் போச்சு, சத்தத்தை வச்சுத்தான் கோளாறைக் கண்டுபிடிக்கணும்னு நீதானே சொல்லுவே.

– இங்க சத்தமே இல்லையே. இல்ல, கேக்கிறேன், தண்ணி எங்க இருக்கு? வெள்ளையா ஒரு சுவர்தான் தெரியுது.

– அதுக்குள்ளதான் இருக்கு. எதிர்க்கரைல மலை, இடது பக்கம் பம்ப் ஹவுஸ், நடுவுல முழுக்கத் தண்ணி. வெளிச்சம் ஏற ஏற இந்த மூடுபனி கீழே இருந்து தூக்கும். அப்ப தண்ணி அசையாம கிடக்கும் பாரு, மலை தலைகீழா அப்படியே விழும். அந்தக் கொஞ்ச நேரம்தான். அப்புறம் அணையோட ஷட்டரைத் திறந்துருவாங்க, தண்ணி குலுங்க ஆரம்பிச்சிரும்.

– இதுக்காக எத்தனை நாளா வர்றீங்க? ஆஸ்பத்திரிக்காரங்க என்ன, ஒரு வண்டி படமா கேக்கிறாங்க?

– ஒரே படம்தான். புதுக் கட்டடத்துல, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே சொந்தக்காரங்க உக்காருற கூடம் இருக்கில்ல, அங்க ஒரு சுவர் முழுக்க. பெரிய டாக்டரம்மா முதல்ல கூப்பிட்டப்ப, வேற எதுவும் வேண்டாம், தண்ணியும் மலையும் போதும், பார்த்தா மூச்சை இழுத்து விடத் தோணணும்னாங்க. நானும் எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். ஒவ்வொண்ணா நிதானமாப் பார்த்தாங்க. ரொம்ப அழகா இருக்குன்னாங்க. அப்புறம் கண்ணாடியைக் கழட்டி மேஜைல வச்சுட்டு, ஆனா எல்லாரும் செத்துப் போன பிறகு எடுத்த மாதிரி இருக்கேம்மான்னாங்க.

– அடப்பாவமே.

– தப்பாச் சொல்லல. வீட்டுக்கு வந்து நானும் பார்த்தேன். அப்படித்தான் இருந்துச்சு. உள்ளே ஒருத்தரை அறுத்துட்டிருக்கும்போது வெளியே உக்காந்திருக்கிறவங்க அதைப் பார்த்தா எந்திரிச்சு ஓடிருவாங்க.

– அப்ப ஒரு படகு, நாலு வாத்து விட வேண்டியதுதானே.

– அதுவும் எடுத்தேன். பிஸ்கட் டப்பா மாதிரி ஆயிடுச்சு. இந்தா, இது ரெண்டாவது பேட்டரி. சட்டைக்குள்ள வை, உடம்போட ஒட்டி இருக்கணும். குளிர்ல வெளியே வச்சா சீக்கிரம் செத்துரும்.

– ஐயோ. ஐஸ் கட்டியை எடுத்து நெஞ்சுல வைக்கிறீங்க. உங்களுக்கு மைத்துனனா வாய்ச்சதுக்கு நான் முன்னாடி என்ன பாவம் பண்ணினேனோ.

– பேசாம ஸ்டாண்டோட காலை விரி. அந்தப் பக்கக் கால் கல்லு மேல நிக்குது பாரு, மண்ணுல ஊணு.

– இப்ப சரியா?

– சரி. அதை விட்டுத் தள்ளி வா. நீ பெருமூச்சு விட்டாக்கூட படம் ஆடிரும்.

– யாருங்க அது? கரைல இறங்கக் கூடாதுன்னு அவ்வளவு பெரிசா போர்டு வச்சிருக்கில்ல, படிக்கத் தெரியாதா?

– வாட்ச்மேன், நான்தான், படம் எடுக்க வந்திருக்கேன்.

– அட, மேடமா. எல்லாரும் குல்லாவும் மஃப்ளருமாத் திரிஞ்சா எனக்கு எப்படித் தெரியும். டேம் ரூல்ஸ் மேடம், சத்தம் போட வேண்டியது நம்ம டியூட்டி. உங்களுக்குத்தான் ஆபீஸ்ல பர்மிஷன் இருக்கே, நீங்க எடுங்க. ஆபரேட்டர் இன்னும் வரல. அவர் வந்து ஷட்டரைத் தூக்கினா அப்புறம் தண்ணி நம்ம பேச்சைக் கேக்காது. சார் யாரு, புதுசா இருக்காரு?

– என் வீட்டுக்காரரோட தம்பி.

– வணக்கம் சார். அண்ணனுக்கும் உங்களுக்கும் ஜாடையே இல்லையே. அவர் நல்ல சிவப்பு, நெத்தி ஏறியிருக்கும். இன்னிக்கு அண்ணன் வரலையா சார்?

– என் அண்ணனா?

– உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? தினம் ஃபிளாஸ்க் நிறைய டீ கொண்டு வருவாரு, முதல் டம்ளர் எனக்குத்தான். மேடம் படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாரு. அந்தக் கல்லு மேல உக்காந்து தண்ணியைப் பார்த்துட்டிருப்பாரு. போன வாரம் என் கண்ணாடியை வாங்கி, காதுப் பக்கம் வளைச்சு நிமிர்த்திக் குடுத்தாரு. நம்ம டியூட்டில குனியுறதும் நிமிருறதும்தானே, முன்னாடி நாளைக்கு நூறு தடவை கீழே விழும். இப்ப பாருங்க, தலையை ஆட்டினாலும் அசையல. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஜோடியைப் பார்க்கிறதே அபூர்வம் சார். சரி, நான் மேல் கேட்டைத் திறந்துட்டு வந்துடுறேன்.

– தம்பி.

– போயிட்டாரா?

– போயிட்டார்.

– இல்ல, கேக்கிறேன். யாரு அண்ணி அது?

– அதைச் சொல்லத்தான் இன்னிக்கு உன்னைக் கூட்டிட்டு வந்தேன். அவரை நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன். படம் எடுத்து முடிச்சுட்டு, கார்ல உக்காந்து நிதானமாப் பேசலாம்னு இருந்தேன். வாட்ச்மேன் முந்திக்கிட்டார்.

– வாட்ச்மேன் அவரை என் அண்ணன்னு நினைச்சுட்டிருக்காரு.

– நான் அப்படிச் சொல்லல. அவரா நினைச்சுக்கிட்டார். நானும் திருத்தல. தினம் பார்க்கிற மனுஷன்கிட்ட என்னன்னு விளக்குறது? அது என் தப்புதான்.

– யாருன்னு இன்னும் சொல்லலையே.

– கண்ணாடிக்கடை வச்சிருக்கார். மணிக்கூண்டுக்குப் பின்னாடி, மருந்துக் கடையை ஒட்டி ஒரு சின்னக் கடை. போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துல குரூப் போட்டோ எடுத்தேன். வகுப்பு முழுக்க முகம் மங்கல். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, இதுல எங்க பிள்ளைங்க யாருன்னு நீங்களே சொல்லுங்கன்னார். லென்ஸ்தான் போச்சுன்னு ரிப்பேருக்குக் குடுத்தேன். ரிப்பேர்காரன், லென்ஸ் சுத்தமா இருக்கு, நீங்க கண்ணைக் காட்டுங்கன்னு சொல்லிட்டான். அப்படித்தான் அங்க போனேன்.

– போய்?

– எழுத்தெல்லாம் படிக்கச் சொன்னார். படிச்சேன். கண்ணுல ஒரு நோயும் இல்ல, வயசுதான், எல்லாருக்கும் வர்றதுன்னு சொல்லிச் சிரிச்சார். எனக்குக் கோபமா வந்துச்சு. கண்ணாடியை வாங்கிட்டு வந்துட்டேன். மூக்குல அழுத்துதுன்னு ஒரு தடவை போனேன். காதுல வலிக்குதுன்னு இன்னொரு தடவை போனேன். அதுக்கு அடுத்த தடவை கண்ணாடி நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் போனேன்.

– அவருக்குக் குடும்பம்?

– மனைவி இறந்து ரொம்ப வருஷம் ஆச்சு. ஒரே பையன், வேற ஊர்ல வேலை பார்க்கிறான். பையன்கிட்ட சொல்லிட்டார். அப்பா, இனிமே நீங்க சமைக்காம இருந்தா எனக்கு அதுவே போதும்னானாம்.

– சிரிக்கிறேன்னு நினைக்காதீங்க. குளிர்ல வாய் இழுக்குது.

– நான் ஒண்ணும் நினைக்கல.

– அப்ப முடிவாயிடுச்சு.

– பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம். கூட்டம், சாப்பாடு எதுவும் இல்ல. குளிர் முடியுறதுக்குள்ள.

– அண்ணன் இருந்திருந்தா...

– உங்க அண்ணன் இருந்திருந்தா நான் அந்தக் கடைக்கே போயிருக்க மாட்டேன் தம்பி. வீட்ல படத்தைக் கழுவிக் காயப் போட்ட காலத்துல இருந்து, என் படம் ஒவ்வொண்ணையும் முதல்ல பார்த்தவர் அவர்தான். பஸ் டிப்போல இருந்து கிரீஸ் கையோட வந்து, தொடாம, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுக் குனிஞ்சு பார்ப்பார். மங்கலா இருக்குன்னு அவரே சொல்லியிருப்பார்.

– நீங்க நம்ம வீட்டுக்கு வந்தப்ப நான் ஒன்பதாவது படிச்சுட்டிருந்தேன்.

– தெரியும். பரீட்சை ஃபாரத்துல ஒட்டுறதுக்கு உன்னைப் போட்டோ எடுத்தேன். காதைச் சின்னதாக் காட்டுங்கன்னு ஒரே அழுகை.

– அண்ணன் போனப்ப எல்லாரும் அழுதாங்க. எனக்கு அழுகையே வரல. ஏன்னு இப்பத்தான் தெரியுது. நீங்க காலைல எந்திரிச்சு அடுப்பைப் பத்த வைக்கிற சத்தம் கேக்கும். அது கேக்கிற வரைக்கும், அவன் எங்கயோ நைட் ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கான், வந்துருவான்னு ஒரு நினைப்பு. அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பொண்டாட்டிகிட்டக்கூட.

– எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ரொம்ப நாள். நானே அந்தச் சத்தத்தைப் போட்டுட்டு நானே கேட்டுட்டிருந்தேன்.

– அம்மாவுக்குத் தெரியுமா?

– இன்னும் சொல்லல. உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு இருந்தேன்.

– அம்மாவை யாரு பார்ப்பாங்க? எந்த மாத்திரை காலைல, எது ராத்திரின்னு உங்களுக்குத்தான் தெரியும். என் பொண்டாட்டி குடுத்தா, நீ கலரை மாத்திக் குடுக்கிறேன்னு துப்பிடுறாங்க. நீங்க ஒருநாள் வெளியூர் போனா அன்னிக்குக் குளியல் கிடையாது. எங்க அவ, எங்க அவன்னு வாசலையே பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க.

– அத்தை என்கூட வர்றாங்க.

– என்னது?

– அவர்கிட்ட நான் முதல்லயே சொல்லிட்டேன். நான் தனி ஆள் இல்ல, மாமியாரோட வர்றவ, யோசிச்சுச் சொல்லுங்கன்னேன். அன்னிக்கு அவர் யோசிக்கிறேன்னுட்டுப் போயிட்டார். ஆள் கழண்டுக்கிட்டார்னுதான் நினைச்சேன். ஒரு வாரம் கழிச்சு வீட்டைக் காட்டுறேன்னு கூப்பிட்டார். தரைத்தளம், படியே இல்ல. அத்தைக்குன்னு ஜன்னல் பக்கத்து அறையை ஒழிச்சு வச்சிருந்தார். குளியலறைல பிடிச்சுக்க ஒரு கம்பி போட்டிருந்தார். சிமென்ட் இன்னும் ஈரமா இருந்துச்சு. எப்பப் போட்டீங்கன்னேன். நேத்துன்னார். அன்னிக்குத்தான் நான் சரின்னேன்.

– அதெல்லாம் நடக்காது அண்ணி.

– ஏன்?

– ஏனா? பெத்த பையன் நான் இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். என் அம்மா, மருமகளோட கைப்பையைத் தூக்கிட்டு யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போவாங்களா? பார்க்கிறவங்க என்னை என்ன நினைப்பாங்க? சோறு போட வக்கில்லாம துரத்திட்டான்னுதான் சொல்லுவாங்க. நீங்க கல்யாணம் பண்ணிக்குங்க. சத்தியமா நான் குறுக்கே நிக்க மாட்டேன். அண்ணனே இருந்தா... அதை விடுங்க. ஆனா அம்மா விஷயத்துல என்னை ஒரு வார்த்தை கேக்காம, எவரோ ஒருத்தர் சுவத்துல ஓட்டை போட்டுக் கம்பி வரைக்கும் மாட்டியாச்சு. நான் யாரு அப்ப?

– கோபப்படாதே. இப்ப உன்கிட்டதானே கேக்கிறேன்.

– இது கேக்கிறது இல்ல. சொல்றது.

– தம்பி.

– நான் கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்.

– தண்ணி ஓரத்துக்குப் போகாதே. கல்லு வழுக்கும்.

– தெரியும்.

– அந்தப் பக்கம் பாசி இருக்கு. பார்த்துக் காலை வை.

– தெரியும்னு சொல்றேன்ல.

– தம்பி.

– என்ன?

– அப்படியே நில்லு.

– என்ன அண்ணி, பாம்பா?

– பாம்பு இல்ல. திரும்பாதே. பனி தூக்குது. நீ எப்படி நின்னியோ அப்படியே நில்லு.

– என்னைச் சேர்த்தா எடுக்கிறீங்க?

– பேசாதே. கையை மறுபடி பாக்கெட்டுக்குள்ள விடு. தலையைத் தூக்கி மலையைப் பாரு. போதும், போதும், அவ்வளவு தூக்காதே.

– நான் கோபமா இருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்.

– முதுகுலயே தெரியுது. அதுதான் வேண்டாங்கிறேன். தோளைத் தளர்த்து. ஆங். அப்படியே... ஐயோ.

– என்ன ஆச்சு?

– பேட்டரி போச்சு. அந்த இன்னொண்ணு எங்க?

– என் சட்டைக்குள்ள.

– ஓடி வா. ஓடாதே, வழுக்கும். சீக்கிரம் நடந்து வா.

– இந்தாங்க. என் உடம்புல மிச்சம் இருந்த சூடெல்லாம் இதுலதான் இருக்கு. பிடிங்க.

– திரும்பப் போ. அதே இடம். அந்தத் தட்டைக் கல்லுக்கு இந்தப் பக்கம்.

– போறேன், போறேன். கால் தடம் புல்லு மேல அப்படியே இருக்கு, அதுலயே வச்சுப் போறேன். இங்கதானே?

– இன்னும் ஒரு அடி. நில்லு. இனிமே ஒண்ணும் பண்ணாதே. சும்மா தண்ணியைப் பாரு.

– பார்க்கிறேன். அண்ணி, மலை தலைகீழா விழுந்திருக்கு.

– தெரியுது. மூச்சு விடு, புகை மாதிரி வரட்டும். நல்லா இருக்கு. இன்னொரு தடவை. இன்னும் ஒண்ணே ஒண்ணு. போதும், வா.

– கிடைச்சுதா?

– கிடைச்ச மாதிரிதான் இருக்கு. கண்ணாடியைப் போட்டுட்டுப் பார்க்கிறேன், இரு.

– மேடம், ஆபரேட்டர் வந்துட்டாரு. சைரன் அடிக்கப் போறாங்க, காதைப் பொத்திக்குங்க. படம் ஆச்சா? நம்ம கண்ணுலயும் கொஞ்சம் காட்டுங்க. அட, இது தம்பி சார்தானே? இத்தினூண்டு தெரியுறாரு.

– சின்னதாத்தான் தெரியணும் வாட்ச்மேன். எப்படி இருக்கு?

– எனக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும் மேடம். ஆனா பார்த்தா, யாரோ வரேன்னு சொல்லியிருக்காங்க, இவரு காத்துட்டிருக்காரு, கண்டிப்பா வந்துருவாங்கன்னு தோணுது. சரி, ரூல்ஸ்னா ரூல்ஸ், சைரன் அடிச்சா எல்லாரும் கரைக்கு மேல ஏறிடணும். தம்பி சார், உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க, கண்ணாடி இன்னும் கல்லு மாதிரி நிக்குதுன்னு. நாளைக்கு டீயோட வரச் சொல்லுங்க.

– சொல்றேன்.

– மறந்துடாதீங்க.

– மறக்க மாட்டேன். கண்டிப்பாச் சொல்றேன்.

– தம்பி, வாட்ச்மேன் போயிட்டார். நீ ஏன் அவரைத் திருத்தல?

– தினம் பார்க்கிற மனுஷன்கிட்ட என்னன்னு விளக்குறது? ஸ்டாண்டை மடக்கவா?

– கொஞ்சம் இரு. தண்ணி அசையுறதைப் பார்த்துட்டுப் போகலாம். அதோ, பம்ப் ஹவுஸ் பக்கத்துல இருந்து வருது பாரு, சுருக்கம் சுருக்கமா. மலை உடையுது.

– அந்தப் படத்தை எனக்கு இன்னொரு தடவை காட்டுங்க.

– இந்தா.

– இது நானா? அண்ணன் நிக்கிற மாதிரி இருக்கு. அந்தத் தோளும், ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிறதும்.

– முதல்ல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கை நின்னு போச்சு. அப்புறம் ஃபோகஸ் பண்ணினேன். நீதான்.

– டாக்டரம்மாவுக்குப் பிடிக்குமா?

– பிடிக்கும். வெளியே உக்காந்திருக்கிறவங்களுக்குத் துணைக்கு ஒரு ஆள் இருக்கில்ல.

– அண்ணி, கத்தினதை மனசுல வச்சுக்காதீங்க.

– வச்சுக்கல. உனக்கும் அத்தை மேல பாசம் இருக்காதா? நீ வேண்டாம்னா நான் அவங்களை இழுத்துட்டுப் போகப் போறதில்ல. உன் வீடு, உன் அம்மா. அத்தையையே கேப்போம். இங்கயே இருக்கேன்னாங்கன்னா, நான் தினம் காலைலயும் ராத்திரியும் வந்து மாத்திரையைக் குடுத்துக் குளிப்பாட்டிட்டுப் போறேன். அவர்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். ஏன் அப்படிப் பார்க்கிறே?

– அது பாசம் இல்ல அண்ணி.

– பின்ன?

– வெட்கம். உங்ககிட்ட ஒண்ணு கேட்டுடணும்னுதான் வழியெல்லாம் நினைச்சுட்டு வந்தேன். வாய் வரல. கம்பி போட்டிருக்காருன்னு நீங்க சொன்னதும் எனக்குத் தாங்கல, அதான் கத்திட்டேன்.

– என்னடா சொல்றே? எனக்கு ஒண்ணும் புரியல.

– எனக்கும் என் பொண்டாட்டிக்கும் வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் கிளம்புறோம். அம்மாவை நீங்களே வச்சுக்குவீங்களான்னு கேக்கத்தான் நானும் இன்னிக்கு வந்தேன்.